அழைப்பு மணியின் இரண்டு முனைகள்

பஸ்ஸர் வேண்டும் என்று யாராவது நம் கடைக்கு வந்து நின்றால், பிள்ளைகளே, "எத்தனை வோல்ட்?" என்று கேட்கிறீர்கள். பிறகு, "எவ்வளவு சத்தம் வேணும்?" என்கிறீர்கள். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் வேறொன்றைத்தான் முதலில் கேட்பேன். "காதுல வாங்கப்போறது யாரு? அவங்க அந்த நேரத்துல எங்க நிப்பாங்க?" வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பெல் வாங்க வந்த இடத்தில் இந்த அம்மா வீட்டுக் கதையெல்லாம் விசாரிக்கிறதே என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இன்று உங்கள் கையில் இருக்கும் பஸ்ஸர் சட்டைப் பொத்தான் அளவுதான். உள்ளே ஒரு மெல்லிய தகடு. மின்சாரம் பட்டதும் அதுவே நெளிந்து கத்துகிறது. எங்கள் காலத்துப் பஸ்ஸர் உள்ளங்கைக்குள் அடங்காது. இரும்புத் துண்டைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள், அதற்கு எதிரே ஓர் இரும்பு நாக்கு. மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகி நாக்கை இழுக்கும். நாக்கு நகர்ந்ததும் அது தொட்டுக்கொண்டிருந்த முனை விலகி மின்சாரம் அறுந்துவிடும். காந்தம் கையை விட்டுவிடும். நாக்கு திரும்பி வந்து முனையைத் தொடும், மறுபடியும் இழுக்கப்படும். இந்த இழுபறிதான் அந்த 'ர்ர்ர்' சத்தம். நாக்கின் நுனியில் சின்னச் சுத்தியலும் எதிரே ஒரு கிண்ணமும் இருந்தால் அது பெல், இல்லாவிட்டால் பஸ்ஸர். இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போகும்வரை.

அப்போது எங்கள் கடை மலாக்காவில், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு தையல்காரருக்கு அடுத்த வாசல். என் வீட்டுக்காரர் வீடுகளுக்கு வயரிங் செய்வார். நான் உள்ளே உட்கார்ந்து மின்விசிறிக்கும் பெல்லுக்கும் கம்பி சுற்றுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் பொழுதுபோகாமல் தொடங்கியது, பிறகு கை அதிலேயே பழகிவிட்டது. வெளி வேலைக்கு நான் போனதில்லை. பிரசவ வீட்டுக்குள் ஆம்பிளைகளை விடமாட்டார்கள் என்பதால்தான் அந்த ஒரு வேலை என் கைக்கு வந்தது.

லெட்சுமி அக்கா மருத்துவச்சி. முறையாகப் படித்துச் சான்று வாங்கியவர். காஜா பெராங்கில், கம்போங் செட்டி குடியிருப்பை ஒட்டிய நீண்ட பழைய வீட்டின் முன்கூடத்தில் கட்டில்கள் போட்டுப் பிரசவம் பார்த்து வந்தார். அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறிய தமிழர் வம்சம். நெற்றியில் விபூதி, உடம்பில் கெபாயா என்ற மலாய்ச் சட்டை, வாயில் மலாய். சாமி பெயரும் பண்டிகைப் பெயரும்தான் அவர் பேச்சில் தமிழாக வரும். நான் தமிழும் மலாயும் கலந்து பேசுவேன், அவர் மலாயிலேயே பதில் சொல்வார். இங்கே அவர் பேச்சைத் தமிழில்தான் எழுதுகிறேன். 'அடெக்' என்று மட்டும் அவர் கூப்பிட்டபடியே விட்டுவிடுகிறேன். தங்கச்சி என்று அர்த்தம்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் அடைந்த நாளுக்கு, சில மாதங்கள் முன்பு அவர் சொல்லி அனுப்பினார். தாய்மார்கள் கட்டிலில் இருந்தபடி கூப்பிட, பின்கட்டு அடுப்படியில் அடிக்கிற மாதிரி மின்சார மணி வேண்டுமாம். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு அவரிடமே பெயர் கொடுத்திருந்தேன். பையில் ஒரு பெல், ஒரு பஸ்ஸர், பேட்டரி, கம்பிச் சுருள் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன்.

அடுப்படிச் சுவரில் பெல்லைத் தற்காலிகமாக மாட்டிவிட்டு, அக்காவை அங்கேயே நிற்கச் சொன்னேன். அவருடைய வேலையாள், ஆ லான் என்ற சீனப் பெண், துணி உலர்த்த வெளியே போயிருந்தாள். நான் முன்கூடத்துக்கு வந்து பட்டனை அழுத்தினேன். என் காதுக்கு ஒன்றும் வரவில்லை, தூரம்தான் காரணம் என்று நினைத்தேன்.

"கேட்டுச்சாக்கா?" என்று உள்ளே வந்து கேட்டேன்.

"கேட்டுச்சு அடெக், நல்லா கேட்டுச்சு. இதுவே போதும்" என்றார் சிரித்துக்கொண்டு.

கிளம்புவதற்கு முன் திருகாணிகளை இறுக்கலாம் என்று பெல்லைத் தொட்டேன். ஒரு கம்பி அதன் முனையிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பெல் அடித்திருக்கவே முடியாது.

கம்பியைச் சேர்த்தேன். அக்கா திரும்பி நின்று பாத்திரம் எடுத்துவைக்கும் நேரம் பார்த்து, கூடத்திலிருந்து கம்பியோடு இழுத்து வந்த பட்டனை அழுத்தினேன். கிண்ணம் கணீரென்று அடித்தது. கூடத்தில் ஒரு குழந்தை விழித்து அழுதது. பெல்லுக்கு முதுகைக் காட்டி நின்ற அக்கா திரும்பவில்லை.

என் வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. நானும் இவர் கையில்தானே பெறப்போகிறேன் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு பஸ்ஸரை எடுத்து, அவர் எப்போதும் வேலை செய்யும் பெரிய மர மேசையின் மேல் வைத்து அழுத்தினேன். கரகரவென்ற அடித்தொண்டைச் சத்தம். அக்கா சட்டென்று திரும்பினார். என் கையையும் மேசையையும் பார்த்தார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சிட்டுக்குருவி கத்துறது எனக்குக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, அடெக்" என்றார். "வயசா, ஜப்பான்காரன் காலத்துல காய்ச்சலுக்குத் தின்ன கொய்னா மாத்திரையா, தெரியலை. ஆனா வயித்துல குழாயை வெச்சா பிள்ளையோட நெஞ்சு துடிக்கிறது தெளிவாக் கேக்குது. சாமி சத்தியமா. அது கேக்கலைன்னா நானே இந்தக் கதவைச் சாத்திடுவேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது என் தொழில் வழியாகவே எனக்குத் தெரிந்தது. அவர் காதிலிருந்து கீச்சென்ற சத்தங்கள் போய்விட்டன, தாழ்ந்த சத்தங்கள் மிச்சம் இருந்தன. பெல் அவருக்கு ஊமை. பஸ்ஸர் பேசியது. சின்னக் கிண்ணத்தின் ஓசை எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்தக் காதுக்குள் நுழையாது. பலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தத்தின் கனத்தைப் பாருங்கள் என்று உங்களிடம் நான் நச்சரிப்பது இதனால்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார் அக்கா. "இந்தப் பஸ்ஸரை மாட்டிடு. ஒருத்தருக்கும் தெரியாது."

அதுதான் எனக்குச் சிக்கல். மாட்டுவது சுலபம். ஆனால் நான் மாட்டப்போவது தாய்மார்களுக்கு உதவியா, இல்லை ஒரு குறையை மூடும் திரைச்சீலையா? மருத்துவச்சிகளை மேற்பார்க்கும் சுகாதார டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னால் அக்காவின் பிழைப்பு போய்விடும். காஜா பெராங்கில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் விழுந்தவர்கள். சொல்லாமல் இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் ஒரு கட்டிலில் ஏதாவது நடந்துவிடும்.

"பஸ்ஸர் செஞ்சு தர்றேங்க்கா" என்றேன். "உங்க காதுக்குன்னே செஞ்சு தர்றேன். ஆனா டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லணும். சொன்ன பிறகுதான் மாட்டுவேன்."

அவர் முகம் இறுகிவிட்டது. "உன் சாமானை எடுத்துக்கோ" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"என்னா பாக்கியம், பெல்லு மாட்டியாச்சா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க."

"ஏன்லா? வயர் பத்தலையா?"

"அவங்க இன்னும் முடிவு பண்ணலை" என்றேன். பொய்யில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் நான் சுற்றிய சுருள்களில் பாதியை அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டியிருந்தது. எண்ணிக்கை மனதில் நிற்கவில்லை. அக்கா சொல்வாரா, சொல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொல்லாமலே இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் அக்காவே கடை வாசலில் வந்து நின்றார். கையில் வாழை இலையில் சுற்றிய பலகாரம்.

"சொல்லிட்டேன்" என்றார், உட்காருவதற்கு முன்பே. "திட்டுவாங்கன்னு நினைச்சேன். அந்த அம்மா என்னா பண்ணினாங்க தெரியுமா? ஆஸ்பத்திரியில வயித்துப் பிள்ளைக்காரிங்க நாலஞ்சு பேரைப் படுக்கவெச்சு, என்னைக் குழாய் வெச்சுத் துடிப்பை எண்ணச் சொன்னாங்க. அவங்களும் எண்ணினாங்க. எல்லாம் ஒத்துப்போச்சு. பிறகு என் முதுகுக்குப் பின்னால நின்னு ஏதோ மெதுவாப் பேசியிருக்காங்க. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கேன்." சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. "காது நல்லா இருக்கிற ஆள் ஒருத்தர் எப்பவும் வீட்டுல இருக்கணும்னு சொல்லி விட்டுட்டாங்க. ஆ லானுக்கு எல்லாம் கத்துக் கொடுக்கிறேன். இப்பவாவது மாட்டுவியா?"

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினேன். நாக்கின் நுனியில் ஈயத்துளி வைத்துக் கனமாக்கினேன். கனம் கூடினால் துடிப்பு மந்தமாகும், சத்தம் கீழே இறங்கும். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கொஞ்சம் ஈயம் சேர்ப்பதும் உருக்கி எடுப்பதுமாக, அவர் முகம் மலரும் இடத்தில் நிறுத்தினேன். பஸ்ஸரைச் சுவரில் மாட்டாமல் அந்த மர மேசையின் அடியில் இறுக்கி முடுக்கினேன். பலகை முழுவதும் சேர்ந்து அதிர்ந்தது. மேசையில் கை வைத்திருந்தால் காதே வேண்டாம். இரவு நேரத்துக்காக அவர் தூங்கும் கட்டிலின் சட்டத்திலும் ஒன்றைப் பொருத்தினேன். கூடத்தில் தூங்கும் குழந்தைகளை எழுப்பாத அளவுக்குத்தான் சத்தம் முன்னால் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மெர்டேக்கா வந்தது. ஊரெல்லாம் கொடி, வளைவு, வண்ண விளக்கு. என் வீட்டுக்காரர் தோளில் ஏணியோடு பண்டார் ஹிலிர் பக்கம் பல்பு மாலை கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருவதே சாப்பிடத்தான். எனக்கு வலி எடுத்தது அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில். காலையில் லெட்சுமி அக்கா வீட்டுக் கட்டிலில், அவர் கையில் என் மகள் பிறந்தாள். நல்லபடியான பிரசவம். குளிப்பாட்டித் துணியில் சுற்றித் தொட்டிலில் போட்டார்கள். அன்றைக்குக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. அக்கா சாமான்களைக் கொதிக்கவைக்கப் பின்கட்டுக்குப் போனார். ஆ லானும் கஞ்சி வைக்கப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஊர்வலம் வந்தது. லாரிகளில் ஆட்கள், கொம்பாங் மேளம் தட்டும் சத்தம், ஹாரன், "மெர்டேக்கா!" என்ற கூச்சல். எதிர் வீட்டு மாடியிலிருந்து சரம் சரமாகப் பட்டாசு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போதுதான் கால்களுக்கிடையே வெதுவெதுவென்று உணர்ந்தேன். முதலில் சாதாரணம் என்று நினைத்தேன். போர்வையைத் தூக்கிப் பார்த்தபோது விரிப்பு முழுவதும் இரத்தம், நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

பட்டனை அழுத்தினேன்.

என் காதில் பட்டாசுதான் கேட்டது. அமைதியான நாளில் அடுப்படிப் பஸ்ஸரின் சத்தம் முற்றத்தின் வழியாக ஈ முரள்வதுபோல லேசாக வந்து சேரும். அன்று வரவில்லை. அடிக்கிறதா, அடிக்கவில்லையா? மறுபடி அழுத்தினேன். விட்டு விட்டு அழுத்தினேன்.

அதைச் செய்தவள் நான்தானே. மற்றவர்களாக இருந்தால் பட்டனை நம்பிப் படுத்திருப்பார்கள். எனக்கோ அதில் என்னென்ன கெடலாம் என்பது அத்தனையும் தெரியும். முனை கருகியிருக்கலாம். நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம். கூரைக்கு அடியில் எலி கம்பியைக் கடித்திருக்கலாம். பேட்டரி இந்தப் புழுக்கத்தில் செத்திருக்கலாம். ஒவ்வொன்றாக மனதில் வந்து போயிற்று. கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நடக்கலாம் என்று தலையைத் தூக்கினால் கூடம் சுற்றியது. தொட்டிலில் பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் முகத்தை இன்னும் சரியாகக்கூடப் பார்க்கவில்லையே என்று நினைத்தேன்.

அக்கா கூடத்துக்குள் ஓடி வந்தார். பின்னாலேயே ஆ லான்.

போர்வையை உருவிப் பார்த்தார். அடிவயிற்றில் கை வைத்து அழுத்திப் பிசைந்தார். எனக்கு உயிர் போகிற வலி. ஆ லான் ஊசியை எடுத்து வந்தாள். அக்கா போட்டார். மறுபடி பிசைந்தார். டாக்டரம்மாவைக் கூட்டிவர ஆ லானை அனுப்பினார். அவள் ஊர்வலத்தை முட்டித் தள்ளிக்கொண்டு சைக்கிளில் போனாளாம். டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது இரத்தம் அடங்கியிருந்தது. பார்த்துவிட்டு, "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று அக்காவிடம் அவர் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கையில் பல்பு மாலையின் மிச்சத்தோடு ஓடி வந்து, அக்கா அன்றைக்கு மட்டும் உள்ளே விட, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள்தான் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை, மிஸ்ஸி சாமானைக் கொதிக்க வெச்சுட்டு மேசையில மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தாங்க" என்றாள் ஆ லான். அவள் அக்காவை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவாள். "திடீர்னு கையை எடுத்துட்டு ஓடினாங்க. பட்டாசுக்குப் பயந்துட்டாங்கன்னு நினைச்சேன்."

"கைக்குத் தெரிஞ்சுது" என்றார் அக்கா. "நீ முதல் தடவை அழுத்தினப்பவே தெரிஞ்சுது. பைத்தியக்காரி மாதிரி ஏன் அத்தனை தடவை அழுத்தினே? நான் வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"அடிச்சுதான்னே எனக்குத் தெரியலைக்கா" என்றேன்.

அவர் திரும்பி என் தலைமாட்டில் இருந்த பட்டனைப் பார்த்தார்.

பிள்ளைகளே, சொல்ல வேண்டியது இந்த இடம்தான். அழைப்பு மணிக்கு இரண்டு முனைகள் உண்டு. காது இருக்கும் முனையை நான் எவ்வளவோ பார்த்துப் பார்த்துச் செய்தேன். அது பொய்க்கவில்லை, நான் உயிரோடு இருப்பதே அதனால்தான். கை இருக்கும் முனையை அந்தக் கட்டிலில் படுத்த பிறகுதான் பார்த்தேன். அக்கா வந்து சேர எடுத்தது ரொம்பக் கொஞ்ச நேரம். ஆனால் யாரும் வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு நான் கிடந்ததும் அந்த நேரம்தான்.

உடம்பு தேறி எழுந்ததும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் பட்டனுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு வைத்தேன். பட்டனுக்குத் தனியாக ஒரு விளக்கை எரியவிடுவது சுலபம். ஆனால் பட்டன் வேலை செய்கிறது என்பதைத்தான் அது சொல்லும், அடுப்படியில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் பஸ்ஸருக்குப் போகும் அதே மின்சாரம் விளக்கின் வழியாகப் போகும்படி கம்பியை இணைத்து, இரண்டுக்கும் போதுமான பேட்டரி சேர்த்தேன். அங்கே நாக்கு துடித்தால் இங்கே வெளிச்சம் நடுங்கும். நாக்கு ஒட்டிக்கொண்டால் வெளிச்சம் அசையாமல் நிற்கும். கம்பி அறுந்திருந்தால் இருட்டு. கட்டிலில் இருப்பவர் பொய்யான ஆறுதலை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை. இன்று நீங்கள் பொருத்தும் பெட்டிகளில் சிவப்புப் புள்ளி ஒன்று எரிகிறதே, அது எங்கிருந்து எரிகிறது என்று ஒரு தரம் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். "பட்டனை அழுத்திப் பாருங்கக்கா."

கையை நீட்டியவர் நிறுத்திக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, கெபாயா கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் மல்லாந்து படுத்தார். அவர் பிள்ளை பெற்றவர் இல்லை. ஊருக்கே பிரசவம் பார்த்தவர் அந்தக் கட்டிலில் ஒரு நாளும் படுத்ததில்லையாம். மேலே பார்த்தார்.

"கூரைதான் தெரியுது, அடெக்" என்றார். "எத்தனை பேர் இங்க படுத்து இந்தக் கூரையையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க."

பட்டனை அழுத்தினார். தலைமாட்டில் வெளிச்சம் நடுங்கியது. விரலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஆ லான் கரண்டியோடு ஓடி வந்து வாசலில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மிஸ்ஸி! யாருக்கு வலி?"

"எனக்குத்தான்" என்றார் அக்கா. "சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன். வந்துட்டியே."

ஆ லான் சீனத்தில் என்னவோ திட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சத்தத்தில் என் மகள் விழித்துக்கொண்டு வீறிட்டாள். அக்கா படுத்தபடியே பிள்ளை இருந்த பக்கம் சரியாகத் தலையைத் திருப்பி, "ஆமா ஆமா, கேக்குது" என்றார்.